காசநோய்: இரண்டு மணி நேரச் சோதனை, இரண்டு மாத இருமல்

ஒருவருக்குக் காசநோய் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள எவ்வளவு நேரம் பிடிக்கும்? லேபில் கேட்டால், "மெஷின் இருந்தால் இரண்டு மணி நேரம்" என்பார்கள். பொய்யில்லை. ஆனால் நோயாளியைக் கேட்டுப் பாருங்கள், கணக்கு வேறு மாதிரி வரும்.

இருமல் ஆரம்பித்து மூன்று வாரம் தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனதும் ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார்கள். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, மறுபடி வந்தது. அடுத்த முறை போனபோது சளி கொடுக்கச் சொன்னார்கள். இன்னொரு டப்பாவைக் கையில் கொடுத்து, நாளைக் காலைச் சளியோடு வரச் சொன்னார்கள். கூலி வேலைக்காரர், மறுநாள் வர முடியவில்லை. நாலு நாள் கழித்து வந்தார். ரிசல்ட்டுக்கு இன்னொரு நாள். ரிசல்ட் வந்த பிறகு மருந்து தரும் பிரிவு வேறு, அது திறக்கும் நேரம் வேறு. இப்படியே இரண்டு மாதம் போய்விட்டது.

நான் சொல்வது ஒரு கற்பனை நோயாளியின் கதைதான். ஆனால் வசதி குறைந்த எந்த ஆஸ்பத்திரியின் வாசலில் நின்றாலும் இவரைப் பார்க்கலாம். இந்த இரண்டு மாதத்தில் சோதனை எடுத்துக்கொண்டது சில மணி நேரம் மட்டுமே. மிச்ச நாள் எங்கே போயிற்று என்பதுதான் கேள்வி. காசநோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது என்றால் வேகமான மெஷின் வாங்குவது என்று பலரும் நினைக்கிறார்கள். மெஷின் வேண்டும்தான். அது மட்டும் போதாது என்பதை அந்தச் சளி டப்பாவின் பின்னாலேயே போய்ப் பார்த்தால் தெரியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023இல் புதிதாகக் காசநோய் வந்தவர்கள் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேர். கண்டறியப்பட்டுப் பதிவானவர்கள் சுமார் 82 லட்சம். இடையில் கால் கோடிக்கும் மேற்பட்டவர்கள் கணக்கிலேயே வரவில்லை. அதே ஆண்டில் இறந்தவர்கள் சுமார் 12.5 லட்சம். இத்தனைக்கும் இது பெரும்பாலும் மாத்திரையில் குணமாகிற நோய்.

சோம்பேறிக் கிருமி

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். (மார்ச் 24 உலகக் காசநோய் நாளாக இருப்பது அதனால்தான்.) அதன்பின் 140 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் ஏன் இதைக் கண்டுபிடிப்பது இத்தனை பாடு?

முதல் காரணம், இந்தக் கிருமி வளர்வதில் மகா சோம்பேறி. குடலில் இருக்கும் ஈ.கோலை போன்ற பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமி ஒரு முறை பிரிய 15 முதல் 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால் லேபில் வளர்த்துப் பார்க்கும் 'கல்ச்சர்' சோதனைக்கு வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும். முட்டை சேர்த்துத் தயாரிக்கும் பச்சை நிறத் திட ஊடகத்தில் 3 முதல் 8 வாரம், திரவ ஊடகத்தில் அதைவிடச் சீக்கிரம். துல்லியத்தில் இன்றும் கல்ச்சர்தான் அளவுகோல். ஆனால் இன்று மாலை மருந்து ஆரம்பிக்கலாமா என்று கேட்கும் டாக்டருக்கு அது உதவாது.

இரண்டாவது காரணம், கிருமியின் சுவர். மெழுகு போன்ற கொழுப்பு படிந்த சுவர் அது. சாதாரணச் சாயம் உள்ளே போகாது. ஆனால் ஒரு தடவை உள்ளே போய்விட்டால் அமிலம் ஊற்றினாலும் வெளியே வராது. இந்தப் பிடிவாதத்தையே பயன்படுத்திக்கொள்வதுதான் நூறாண்டுக்கும் மேலாக நடக்கும் சளிப் பரிசோதனை. கண்ணாடி ஸ்லைடில் சளியைப் பூசி, காயவைத்து, சிவப்புச் சாயம் ஊற்றி, அடியில் சுடர் காட்டி ஆவி வரும்வரை சூடாக்குவார்கள். பிறகு அமிலத்தால் கழுவுவார்கள். மற்றதெல்லாம் நிறம் இழக்கும். மேலே நீலச் சாயம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சிகள், சில சமயம் லேசாக வளைந்து. அதுதான் கிருமி.

செலவு குறைவு, அன்றைக்கே ரிசல்ட். அப்படியானால் இதிலேயே நிறுத்திக்கொள்ளலாமே என்றால், ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லி சளியில் 10,000 கிருமி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஸ்லைடில் பூசுவது அதில் நூறில் ஒரு பங்குதான், அதாவது 100 கிருமி. அந்தப் பூச்சு முழுவதையும் எண்ணெய் லென்ஸ் வழியாகப் பார்க்க வேண்டுமானால் சுமார் 10,000 முறை ஸ்லைடை நகர்த்த வேண்டும். ஆக, 100 இடம் பார்த்தால் ஒரே ஒரு கிருமி கண்ணில் படலாம். படாமலும் போகலாம். ஒரு ஸ்லைடில் குறைந்தது 100 இடம் பார்த்த பிறகே 'நெகட்டிவ்' என்று எழுத வேண்டும் என்பது விதி. காலையிலிருந்து முப்பதாவது ஸ்லைடு பார்க்கிற டெக்னீஷியனின் கண் என்ன நிலையில் இருக்கும் என்று யோசியுங்கள்.

அதனால் மைக்ரோஸ்கோப்பில் நெகட்டிவ் என்றால், நோய் இல்லை என்று அர்த்தமாகாது. கண்ணில் படும் அளவுக்குக் கிருமி இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். நுரையீரல் காசநோயாளிகளிலேயே பாதிக்குப் பாதி பேரை இது தவறவிடுவது உண்டு. எச்ஐவி உள்ளவர்கள், குழந்தைகள் என்றால் இன்னும் மோசம். அவர்களுடைய சளியில் கிருமி எண்ணிக்கையே குறைவு.

சரி, மைக்ரோஸ்கோப் மட்டுமே இருக்கிற இடத்தில் என்ன செய்யலாம்? இரண்டு விஷயம். எல்இடி விளக்கு பொருத்திய ஒளிர்வு மைக்ரோஸ்கோப் வந்திருக்கிறது. ஆரமைன் சாயம் போட்டால் இருட்டில் மின்மினி மாதிரி கிருமி மின்னும். குறைந்த உருப்பெருக்கத்திலேயே தெரிவதால் ஒரே பார்வையில் அதிக இடம் அடங்கும், நேரமும் மிச்சம், கூடுதல் நோயாளிகளும் பிடிபடுவார்கள். அப்புறம், இரண்டு சளி மாதிரியையும் ஒரே நாளில், ஒரு மணி நேர இடைவெளியில் வாங்கிவிடுவது. நாளைக் காலைச் சளிக்காக நோயாளியைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியாகிவிட்டது. இதற்குக் காலணாச் செலவில்லை. மறுநாள் வர முடியாமல் காணாமல் போகிறவர்களையும் தவறவிடாமல் பிடித்துவிடலாம்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

இந்தப் பகுதியைப் பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

"சளி எடுத்துட்டு வாங்க" என்று டப்பாவைக் கையில் கொடுத்தால், பாதிப் பேர் எச்சிலைத் துப்பிக்கொண்டு வருவார்கள். கிருமி இருப்பது நுரையீரலின் அடியில். எச்சிலை எவ்வளவு விலையுள்ள மெஷினில் போட்டாலும் எச்சில்தான்.

2007இல் வெளியான ஓர் ஆய்வு பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் நடந்தது. அங்கே ஆண்களைவிடப் பெண்களின் சளியில் கிருமி குறைவாகவே அகப்பட்டுக்கொண்டிருந்தது. ஒரு குழுவினருக்கு மட்டும் எப்படி ஆழமாக இருமிச் சளி எடுப்பது என்று சில நிமிடம் சொல்லிக் கொடுத்தார்கள். அவ்வளவே. மருந்து இல்லை, மெஷின் இல்லை. சொல்லிக் கொடுக்காத பெண்களில் 100க்கு 8 பேருக்குப் பாசிட்டிவ் வந்தது. சொல்லிக் கொடுத்த பெண்களில் 100க்கு 13 பேருக்கு. நாலு பேர் முன்னால் காறித் துப்பக் கூச்சப்படுகிறவர்களிடம் பக்குவமாகச் சொன்னால் போதும் என்பதை இதைவிடத் தெளிவாக யார் காட்ட முடியும்?

எப்படிச் சொல்வது? ஏறத்தாழ இப்படி: "வாயைத் தண்ணீரில் கொப்பளிச்சுக்கோங்க. மூச்சை நல்லா இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, மெதுவா விடுங்க. ரெண்டு மூணு தடவை. அப்புறம் அடி நெஞ்சிலேர்ந்து இருமுங்க. வர்றதை டப்பாவை உதட்டுகிட்ட பிடிச்சுத் துப்புங்க." 3 முதல் 5 மில்லி, கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன் அளவு வேண்டும். கெட்டியாக, மஞ்சளாக, இழையாக இருந்தால் சளி. தெளிவாக நுரைத்துக்கொண்டிருந்தால் எச்சில், இன்னொரு தடவை முயலச் சொல்ல வேண்டியதுதான். இதெல்லாம் திறந்த வெளியில், மற்றவர்களிடமிருந்து தள்ளி நடக்க வேண்டும். கழிவறையில் எடுக்கச் சொல்லக் கூடாது; காற்றோட்டம் இல்லாத அறையில் அடுத்து நுழைகிறவர் அந்தக் காற்றைத்தான் சுவாசிப்பார்.

பெயரை டப்பாவின் மூடியில் எழுதாமல் பக்கவாட்டில் எழுத வேண்டும். லேபில் பத்து டப்பாவை வரிசையாகத் திறந்து வைத்திருக்கும்போது மூடி இடம் மாறினால் ஆளே மாறிப்போவார்.

மரபணுவைத் தேடும் மெஷின்

2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஜீன்எக்ஸ்பர்ட் என்ற மெஷினில் செய்யும் சோதனைக்கு ஒப்புதல் தந்தது. காபி மெஷின் அளவு பெட்டி. வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை.

கிருமியைக் கண்ணால் தேடுவதற்குப் பதிலாக, அதன் டிஎன்ஏவில் குறிப்பிட்ட ஒரு துண்டைத் தேடுவதுதான் விஷயம். சளியோடு இரண்டு பங்கு ரசாயனத் திரவம் சேர்த்துக் குலுக்கி 15 நிமிடம் வைப்பார்கள். கெட்டிச் சளி கரையும், கிருமியும் பெரும்பாலும் செத்துவிடும். அதை ஒரு பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜில் ஊற்றி மெஷினில் செருகினால் மனித வேலை முடிந்தது. உள்ளே கிருமியை வடிகட்டி, ஒலி அதிர்வால் உடைத்து, டிஎன்ஏவை வெளியே எடுத்து, அந்தத் துண்டை ஜெராக்ஸ் எடுக்கிற மாதிரி மறுபடி மறுபடி நகலெடுக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், முப்பது நாற்பது சுற்றில் கோடிக்கணக்கில் பெருகும். நகல் சேரச் சேர ஒளி கூடும். மெஷின் பார்ப்பது அந்த ஒளியைத்தான்.

மைக்ரோஸ்கோப்புக்கு ஒரு மில்லியில் 5,000 முதல் 10,000 கிருமி வேண்டும் என்றால், இதற்கு 130 போல இருந்தாலே போதும். 2017இல் ஒப்புதல் பெற்ற 'அல்ட்ரா' வகைக்கு 16 போல இருந்தாலும் போதும்.

இன்னொரு லாபமும் உண்டு. தேடும் துண்டைக் கெட்டிக்காரத்தனமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். காசநோய்க்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி மசியாமல் போகும்போது, ஆர்பிஓபி என்ற மரபணுவின் சிறு பகுதியில்தான் பெரும்பாலும் மாற்றம் நடக்கும். மெஷின் பார்ப்பது அதே பகுதியை. ஆக, நோய் இருக்கிறதா, இந்த மருந்து கேட்குமா என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே நேரத்தில் பதில் வந்துவிடும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கார்ட்ரிட்ஜ் விலை 2012இல் 16.86 டாலரிலிருந்து 9.98 டாலராகவும், 2023இல் 7.97 டாலராகவும் ஏழை, நடுத்தர நாடுகளுக்குக் குறைக்கப்பட்டது. ஸ்லைடோடு ஒப்பிட்டால் அப்போதும் அதிகம்தான். கரண்ட் விட்டுவிட்டு வந்தால் சோதனை பாதியில் நின்று கார்ட்ரிட்ஜ் வீணாகும். அறை வெப்பம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பதால் ஏசியும் வேண்டும். ஆண்டுக்கொரு முறை அளவு சரிபார்ப்பு. நாலு அறை கொண்ட மெஷினில் ஒரே நேரத்தில் நாலு மாதிரிதான். எட்டு மணி நேர வேலை நாளில் பதினாறு. ஒரே நாளில் நாற்பது பேர் சளி கொடுத்தால் 'இரண்டு மணி நேரச் சோதனை' மூன்று நாள் சோதனை ஆகிவிடும். கோவா நிறுவனம் ஒன்றின் ட்ரூநாட்டும் இதே போல மரபணுவைத் தேடும் மெஷின்தான்; பேட்டரியில் ஓடும், ஏசி தேவையில்லை, சுமார் ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்லும்; ரிஃபாம்பிசினுக்கு இன்னொரு சிப் போட வேண்டும். 2020இல் அதற்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் கிடைத்தது. சிறிய ஆஸ்பத்திரிக்கு இது பொருத்தமாக இருக்கலாம்.

அல்ட்ராவில் சில சமயம் 'டிரேஸ்' என்று ரிசல்ட் வரும். துளியூண்டு டிஎன்ஏ இருக்கிறது என்று அர்த்தம். முன்பு காசநோய் வந்து குணமானவர் என்றால், செத்த கிருமியின் எச்சமாகவும் இருக்கலாம். அவசரப்படாமல் ஆளையும் எக்ஸ்ரேயையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதே காரணத்தால்தான் சிகிச்சை நடக்கும்போது முன்னேற்றம் பார்க்க இந்தச் சோதனை ஆகாது. அதற்குப் பழைய ஸ்லைடும் கல்ச்சரும்தான்.

மெஷின் வந்தது, நாள் குறைந்ததா?

இப்போதுதான் கதை சுவாரசியமாகிறது. தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, ஜாம்பியா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், கிளினிக்கிலேயே நர்ஸ்கள் ஜீன்எக்ஸ்பர்ட்டை இயக்கினார்கள். அன்றைக்கே சிகிச்சை ஆரம்பித்தவர்கள் மைக்ரோஸ்கோப் குழுவில் 15 சதவீதம், மெஷின் குழுவில் 23 சதவீதம். ஆனால் சுமார் இரண்டு மாத முடிவில் எத்தனை பேர் சிகிச்சையில் இருந்தார்கள் என்று பார்த்தால் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். தென்னாப்பிரிக்காவில் பெரிய அளவில் நடந்த வேறொரு ஆய்விலும், மைக்ரோஸ்கோப்புக்குப் பதில் மெஷின் வந்ததால் மரணம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.

ஏன்? ஒரு காரணம், ஸ்லைடு நெகட்டிவ் வந்தாலும் எக்ஸ்ரேயையும் ஆளையும் பார்த்து டாக்டர்கள் ஏற்கெனவே மருந்து கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இன்னொன்று, சோதனைக்கு முன்னும் பின்னும் இருந்த ஓட்டைகள் அப்படியே இருந்தன. ரிசல்ட் லேப் மேஜையில் கிடக்கும். நோயாளி கொடுத்த போன் நம்பர் வேறு யாருடையதாகவோ இருக்கும். சளி டப்பா வாரம் இருமுறை வரும் வண்டிக்காகக் காத்திருக்கும்.

பின்னர் உகாண்டாவில் 20 சுகாதார நிலையங்களில் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். சிறிய மெஷினை அங்கேயே வைத்தார்கள். அதோடு நிற்காமல், நோயாளி வந்ததிலிருந்து மருந்து வாங்குவதுவரை யார் என்ன செய்வது என்ற வேலை ஒழுங்கையே மாற்றி அமைத்து, ஒவ்வொரு நிலையத்துக்கும் அதன் செயல்பாட்டு விவரத்தைத் தொடர்ந்து அனுப்பினார்கள். இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை ஆரம்பித்தவர்கள் கணிசமாகக் கூடினார்கள். 2021இல் இந்த முடிவு வெளியானது. மெஷினும் வழியும் சேர்ந்தே மாறியதுதான் வித்தியாசம்.

சளியே வராதவர்கள்

குழந்தைகளுக்கு இருமிச் சளி துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். விழுங்கியது எங்கே போகும்? அதனால் மலத்தையே மாதிரியாக எடுத்து மரபணுச் சோதனை செய்வது இப்போது ஏற்கப்பட்ட முறை. மூக்கில் குழாய் விட்டு இரைப்பை நீரை எடுப்பதைவிடக் குழந்தைக்கும் நல்லது, நர்ஸுக்கும் நல்லது.

எச்ஐவி முற்றிய நிலையில் படுத்திருப்பவருக்குச் சிறுநீர்ச் சோதனை ஒன்று இருக்கிறது, எல்ஏஎம் என்பார்கள். கிருமியின் சுவரிலிருந்து கழன்று சிறுநீரில் வரும் பொருளைக் காட்டும் பட்டை. கர்ப்பச் சோதனைப் பட்டை போலத்தான்: ஓரிரு சொட்டு, 25 நிமிடம், கோடு தெரிந்தால் பாசிட்டிவ். கரண்ட் வேண்டாம், மெஷின் வேண்டாம், படுக்கை அருகிலேயே செய்யலாம். கோடு வராவிட்டால் நோய் இல்லை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

எக்ஸ்ரே நல்ல சல்லடை. சந்தேகப்பட வேண்டியவர்களைப் பிரித்துக் கொடுக்கும். காசநோயேதான் என்று அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது. படம் பார்த்துச் சொல்லும் டாக்டர் இல்லாத இடத்தில், 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் படத்தைக் கணினியே படித்துச் சொல்லும் மென்பொருளை 2021 முதல் பயன்படுத்தலாம் என்று பரிந்துரை உண்டு. ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்துக் காசநோய் என்று சொல்லும் சோதனைகளை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள். நோய் இல்லாதவருக்கு இருக்கிறது என்றும், இருப்பவருக்கு இல்லை என்றும் காட்டுவதால் அவற்றைச் செய்யவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011இலேயே சொல்லிவிட்டது.

(தான்சானியாவில் ராட்சத எலிகளைப் பழக்கிச் சளியை மோப்பம் பிடிக்க விடுகிறார்கள். 100 மாதிரியை 20 நிமிடத்தில் முகர்ந்துவிடுமாம். எலி சந்தேகப்பட்டதை லேபில் மறுபடி சோதித்துத்தான் முடிவு சொல்கிறார்கள். கேட்டதும் சிரிப்பு வரும், ஆனால் லேப் தவறவிட்ட பலரை அவை கண்டுபிடித்துக் கொடுத்திருக்கின்றன.)

கையில் இருப்பது கொஞ்சம் என்றால்

ஆஸ்பத்திரிக்குள் மிக ஆபத்தானவர் சிகிச்சை எடுக்கும் காசநோயாளி அல்ல. சரியான மருந்து ஆரம்பித்தால் பரப்பும் தன்மை சீக்கிரமே இறங்கிவிடும். ஆபத்து, கால் முறிவுக்கோ சர்க்கரைக்கோ அட்மிட் ஆகி, பொது வார்டில் இருமிக்கொண்டிருக்கும் யாரும் சந்தேகப்படாத ஆளிடம். 'ஃபாஸ்ட்' என்று ஓர் அணுகுமுறை இதைத்தான் குறிவைக்கிறது: இருமுகிறவர்களைத் தேடிப் பிடி, தனியாக உட்காரவை, சோதித்து உடனே சரியான மருந்தை ஆரம்பி.

என்னிடம் குறைந்த பணம் கொடுத்து ஓர் ஆஸ்பத்திரியை ஒப்படைத்தால், முதலில் வாசலில் ஒருவரை நிறுத்துவேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, காய்ச்சலா, ராத்திரியில் வியர்க்கிறதா, எடை குறைந்ததா என்று எல்லோரையும் கேட்பதே அவர் வேலை. ஆம் என்றவரை ஓ.பி. வரிசையில் நிற்கவிடாமல் மாஸ்க் கொடுத்து நேராகச் சளி எடுக்க அனுப்புவார். அப்புறம்தான் மெஷினுக்குப் பணம். கார்ட்ரிட்ஜ் பற்றாக்குறை என்றால் நாலு பேர் சளியைச் சேர்த்து ஒரே கார்ட்ரிட்ஜில் ஓட்டி, பாசிட்டிவ் வந்தால் மட்டும் நாலையும் தனித்தனியாகப் பார்க்கும் வழியும் இருக்கிறது; பாசிட்டிவ் குறைவாக வரும் இடத்தில் இது மிச்சப்படுத்தும்.

கூடவே ஒரு நோட்டு. ஒவ்வொரு நோயாளிக்கும் நாலு தேதி: இருமல் ஆரம்பித்தது, சளி கொடுத்தது, ரிசல்ட் வந்தது, முதல் மாத்திரை விழுங்கியது. மாதக் கடைசியில் அந்தப் பக்கங்களைப் புரட்டினால் போதும். இரண்டாவது தேதிக்கும் மூன்றாவது தேதிக்கும் நடுவே நாள் கூடியிருந்தால் லேபில் பிரச்சினை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே என்றால் ரிசல்ட் சீட்டு எங்கோ தூங்குகிறது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே என்றால், அந்த ஆள் எத்தனை தடவை இதே வாசலைத் தாண்டிப் போனார் என்று அவரையே கேட்க வேண்டும்.